வாழைக்கறைக்கு முதலில் புளிப்பு, சோப்பு அப்புறம்தான்

ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு நேந்திரன் வாழைக்குலை வெட்டினோம். மார்த்தாண்டம் பக்கம் ஓணம் வந்தால் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், வறுக்காத வீடு குறைவு. குலையைத் தாங்கிப் பிடித்தவர் என் வீட்டுக்காரர். உடுத்திருந்தது பாலராமபுரத்தில் வாங்கிய கசவு (ஜரிகைக் கரை) வேட்டி. காம்பிலிருந்து சொட்டிய நீர் ஆறேழு இடத்தில் விழுந்தது. பார்க்க வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. உடனே அவிழ்த்துத் தரச்சொல்லி, துவைகல்லில் போட்டு பார்சோப்பு தேய்த்து அடித்தேன். என் கண் முன்னாலேயே அந்தச் சொட்டுகள் மஞ்சளாகிப் பழுப்பாகின. காய்ந்ததும் துருப்பிடித்த காசுகளை ஒட்டிவைத்தது போல இருந்தது.

தாமதம் செய்யவில்லையே, அப்படியும் ஏன் பிடித்தது என்று ஒரு வாரம் மனசு ஆறவில்லை. விடை கிடைத்தது மாமியின் அடுக்களையில். வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுகிறார். “இல்லேன்னா கறுத்துப்போகும் பிள்ளே” என்றார். பூவைக் கறுக்கவைக்கிற அதே நீர்தானே வேட்டியிலும் விழுந்தது!

வாழை நீரில் துவர்ப்புச் சத்துகள் இருக்கின்றன. காற்றுப் பட்டதும் ஒரு நொதி அவற்றைப் பழுப்பாக்குகிறது. புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கும். சோப்போ காரத்தன்மை உள்ளது. காரம் சேர்ந்தால் பழுப்பாவது இன்னும் வேகமாகும். அதாவது நான் சோப்புப் போட்டுக் கறையைச் சாயமாகவே ஏற்றிவிட்டேன்.

ஒரு பழைய தலையணை உறையை நாலாகக் கிழித்து, எல்லாவற்றிலும் வாழைத்தண்டு நீரைச் சொட்டவிட்டுப் பார்த்தேன். சோப்பு போட்ட துண்டு அங்கேயே பழுப்பானது. பச்சைத்தண்ணீரில் மட்டும் அலசியது வெளிறிய மஞ்சளாக நின்றது. புளித்த மோரில் ஊறியது அதைவிட மேல். எலுமிச்சைச் சாறு ஊற்றிய துண்டில், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தடம் தெரிந்தது. அதன்பிறகு என் வீட்டு வழக்கம் கீழே சொல்கிற மாதிரிதான்.

கறை பட்ட உடனே

துணியைத் திருப்பிப் பிடித்து, கறையின் பின்பக்கமிருந்து தண்ணீர் ஓடவிடுங்கள். குழாயடியில் இரண்டு நிமிடம் போதும். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் நூலுக்குள் இறங்கும். வெந்நீர் வேண்டாம். பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வெட்டும்போதே எங்கே சொட்டியது என்று பார்த்து, ஒரு ஊக்கு குத்தி வைத்துக்கொள்ளுங்கள். “ஒண்ணும் தெரியலியே” என்று அழுக்குக்கூடையில் போட்டால் மறுநாள் காலையில் தெரியும்.

புளிப்பு

ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை கல்லுப்பு. கறை முழுக்க நனையும்படி ஊற்றி, இருபது நிமிடம் நிழலில் வையுங்கள். காயவிடக்கூடாது, காய்ந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். எலுமிச்சை இல்லையென்றால் வெள்ளை வினிகர். அதுவும் இல்லாவிட்டால் புளித்த மோர். ஆனால் மோரின் கொழுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டிவரும் என்பதால் எனக்கு அது கடைசி வழி. சாயத்துணி என்றால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து நுரைக்கவிடும் குறிப்பு எங்கே பார்த்தாலும் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை அடங்கியபின் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர். வாழைக்கறைக்குப் புளிப்புதான் தேவை, அதைச் சோடா போட்டு ஏன் வீணாக்க வேண்டும்?

அலசி, பார்த்து, பிறகு சோப்பு

புளிப்பு முழுவதும் போக மூன்று தண்ணீர் அலசுங்கள். பருத்தியில் புளிப்பு தங்கினால் நூல் பலவீனமாகும். பிறகு துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். தடம் இருந்தால் புளிப்பை இன்னொரு முறை. தடம் போனபிறகுதான் சோப்பு. தடம் மிச்சமிருக்கும்போது இஸ்திரி போட்டால் அந்தச் சூட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பழைய கறை என்றால்

பழுப்பாகிக் காய்ந்துபோன கறைக்கு எலுமிச்சை போதாது. வெள்ளைப் பருத்திக்கு நான் நம்புவது ஆக்ஸிஜன் ப்ளீச் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட். கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு மேசைக்கரண்டி தூள், நாலு மணி நேரம் ஊறல். பச்சைத்தண்ணீரில் இந்தத் தூள் சரியாக வேலை செய்யாது. கரைத்ததை மூடிய பாட்டிலில் எடுத்து வைக்காதீர்கள். வாயு வந்துகொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது.

குளோரின் ப்ளீச்சை நான் துணிக்கு எடுப்பதேயில்லை. எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: எலுமிச்சையோ, வினிகரோ, கழிப்பறை ஆசிட்டோ அதோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைக்கிற நஞ்சு அது. “முதலில் எலுமிச்சை, போகாவிட்டால் ப்ளீச்” என்று நடுவில் அலசாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

எங்கள் வேட்டியில் கறை பட்டது கசவுக்கு ஒரு சாண் உள்ளே. கசவு உலோக இழை. அதில் புளிப்பும் படக்கூடாது, ப்ளீச்சும் படக்கூடாது, மங்கிவிடும். அதனால் ஊறவைக்கும் வழியே இல்லை. மருந்துக்கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, சம அளவு தண்ணீர் சேர்த்து, மருந்துச் சொட்டுக்குழாயால் ஒவ்வொரு புள்ளியிலும் விட்டேன். அரை மணி நேரம் கழித்து அலசல். மூன்று நாள் இப்படிச் செய்ததில் ஐந்து புள்ளிகள் முழுசாகப் போயின. ஒன்று வெளிறிய நிழலாக நிற்கிறது, அதை உள்மடிப்பில் வைத்துக் கட்டுகிறார்.

கறுப்புக் கறை

சில வீடுகளில் கறை பழுப்பாக இல்லாமல் கருநீலமாக வரும். அது இரும்பின் வேலை. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைபோலக் கறுக்கும். வாழைக்காய் நறுக்கிய இரும்புக்கத்தி கறுப்பதும் இதனால்தான். கிணற்றுத்தண்ணீரில் இரும்பு இருந்தால் அலசும்போதே கறுக்கிறது. வாளியின் அடியில் செம்படிவு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கறைத்துணியை மழைத்தண்ணீரில் அலசுங்கள், நம் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டே.

இதற்கு என் கைமருந்து புளிச்சிக்காய். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இரும்பன்புளி என்பார்கள். மரத்தண்டிலேயே கொத்தாகக் காய்க்கும், மீன்குழம்பில் போடுகிற பச்சைக்காய். அதில் ஆக்ஸாலிக் அமிலம் நிறைய உண்டு. இரும்புத்துருவைக் கரைப்பது அதுதான். நாலு காயை நசுக்கிக் கறையில் அப்பி, பத்து நிமிடம் வைத்து, நன்றாக அலசுங்கள். வெள்ளைத்துணியில் ஊக்கு துருப்பிடித்த கறையும் இதில் போகும். துருக்கறைக்குக் குளோரின் ப்ளீச் போட்டால் கறை இன்னும் பிடித்துக்கொள்ளும்.

பிறகு சேர்த்தது: ரப்பர் பால்

இதைப் படித்துவிட்டு குலசேகரம் பக்கத்து அக்கா ஒருவர், பால்வெட்டப் போகும் மகனின் சட்டையில் எலுமிச்சை ஊற்றியதாகவும், பால் கெட்டியாகி ஒட்டிக்கொண்டதாகவும் வருத்தத்தோடு சொன்னார். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ரப்பர் பாலுக்கு இது நேர் எதிர். ரப்பர் ஷீட் அடிக்க ட்ரேயில் ஆசிட் ஊற்றிப் பாலை உறையவைக்கிறோம் இல்லையா, எலுமிச்சையும் அதே வேலையைத்தான் சட்டையில் செய்யும். ரப்பர் பால் பட்டால் பச்சைத்தண்ணீர், நிறைய, உடனே. உறைந்துவிட்டால் சட்டையைப் பையில் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து, விறைத்ததும் நகத்தால் உரியுங்கள். மிச்சத்துக்கு மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சு, அடுப்புக்கு எட்டாத இடத்தில். அதன்பின் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வாசம் முழுக்கப் போகும்வரை இஸ்திரிப்பெட்டி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சக்கைப் (பலாப்பழப்) பிசினுக்குத் தண்ணீரும் வேண்டாம், புளிப்பும் வேண்டாம். தேங்காயெண்ணெய் தடவி, இளகியதும் பழந்துணியால் ஒற்றியெடுத்து, அதே பாத்திரத் திரவத்தால் எண்ணெயைப் போக்குங்கள். கத்தியிலும் கையிலும் வெட்டுவதற்கு முன்பே எண்ணெய் தடவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாழைக்குலை வெட்டும்போதும் கைக்கு அதையே செய்யுங்கள், உடுக்கப் பழைய கைலி ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.