சென்சார் டேட்டால இருந்து பில்டிங்கோட ஃப்ரீக்வென்சி எடுக்கறது எப்படி

பில்டிங் அதிர்வ அளக்கற ஆக்ஸிலரோமீட்டர் ஃபைல அப்படியே எஃப்எஃப்டில (சிக்னல ஃப்ரீக்வென்சிகளா பிரிக்கற கணக்கு) போட்டுடாதீங்க, முதல்ல டைம் கிராஃப ப்ளாட் பண்ணி பாருங்க, கோடு ஜீரோவ விட்டு விலகி நின்னாலோ சரிஞ்சுட்டே போனாலோ டிட்ரெண்ட் பண்ணணும், அதாவது அந்த விலகலயும் சரிவயும் கழிச்சுடணும், இல்லேன்னா ஜீரோ பக்கத்துல ஒரு பெரிய பீக் வந்து மத்ததையெல்லாம் அமுக்கிடும். மேட்லேப் இருந்தா சரி, இல்லாட்டி பைத்தான்ல சைபைங்கற (SciPy) லைப்ரரி தாராளமா போதும்.

அடுத்து வெல்ச் ஃபங்ஷன், இது ரெக்கார்ட செக்மென்ட் செக்மென்ட்டா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் எஃப்எஃப்டி போட்டு ஆவரேஜ் பண்ணும். இதுல செக்மென்ட் நீளம்தான் விஷயமே. சைபைல டிஃபால்ட் 256 சாம்பிள், அத மாத்தாம விடறவங்கதான் ஜாஸ்தி. செகண்டுக்கு 200 சாம்பிள் எடுத்திருந்தா பாயிண்டுக்கு பாயிண்ட் 0.78 ஹெர்ட்ஸ் இடைவெளி வரும், 0.3 ஹெர்ட்ஸ்ல ஆடற உயரமான பில்டிங் அதுல எங்க சிக்கும்? 8192 போட்டா இடைவெளி 0.024 ஆயிடும், ஆனா ரெக்கார்டும் நீளமா வேணும், ஆவரேஜ் பண்ண செக்மென்ட் பத்தலேன்னா கர்வ் முள்ளு முள்ளா வரும்.

செகண்டுக்கு 200 சாம்பிள்னா, அதுல பாதியான 100 ஹெர்ட்ஸ தாண்டின அதிர்வு கீழ மடங்கி பொய் பீக்கா நிக்கும், அதுக்கு ரெக்கார்ட் பண்றப்பவே ஃபில்டர் இருக்கணும், அப்புறமா சாஃப்ட்வேர்ல பிரிக்க முடியாது. 25 ஹெர்ட்ஸ்ல ரொம்ப ஒல்லியா ஒரு பீக் வந்தா பக்கத்துல 1500 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 1500 சுத்து, அதாவது செகண்டுக்கு 25) மோட்டார் ஏதாவது ஓடுதான்னு பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுங்க.