ஹைட்ராலிக் சிலிண்டர் பிரிச்சு சீல் மாத்தும்போது பழைய சீலை உடனே தூக்கிப் போட்றாதீங்க

எக்ஸ்கவேட்டர்ல ஆயில் பிரஷர்ல ஓடுற சிலிண்டர் ஒழுகுதுன்னா சீல் கிட் (ஆயில் கசியாம அடைக்கிற வளையங்களோட செட்) வாங்கி மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர், நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஆர்ம் (பக்கெட்டை தாங்குற முன்கை) சிலிண்டருக்கு 2 தடவை கிட் மாத்தியும் கொஞ்ச நாள்ல திரும்ப ஒழுக ஆரம்பிச்சுது, மூணாவது தடவைதான் கழட்டின ராடு சீலை (நீண்டு மடங்குற தண்டான ராடு வெளிய வர்ற இடத்துல இருக்கிற சீல்) வெளிச்சத்துல புடிச்சு நிதானமா சுத்திப் பாத்தேன், ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு வழவழன்னு இருக்கு, எதிர்ப்பக்கம் புதுசு மாதிரியே இருக்கு. சிலிண்டரை மெஷினோட கோக்குற பின்ல இருக்கிற புஷ் தேஞ்சு போய் ராடை ஒரு பக்கமா தள்ளிட்டே இருந்திருக்கு. புஷ் மாத்தினதும் ஒழுக்கு நின்னுடுச்சு. அதனால இதுல முக்கியமான வேலை பிரிக்கிறதோ மாட்டுறதோ இல்ல, நடுவுல இருக்கிற பாக்குற வேலைதான்.

முதல்ல கோளாறு சிலிண்டர்லதானான்னு உறுதி பண்ணுங்க. ராடு மேல ஆயில் வழியுதுன்னா ராடு சீல், அதுல சந்தேகம் இல்ல. ஆனா பூம் (மெஷினோட பெரிய கை) தானா இறங்குதுன்னா சிலிண்டருக்குள்ள ராடு முனையில இருக்கிற பிஸ்டன் சீலாவும் இருக்கலாம், கன்ட்ரோல் வால்வு, பூமை இறங்காம புடிச்சு வைக்கிற லாக் வால்வாவும் இருக்கலாம். ராடை முழுசா வெளிய நீட்டி, பிரஷரை இறக்கிட்டு (எப்படின்னு கீழ சொல்றேன்), ராடு பக்க ஹோஸை கழட்டி அந்த ஹோஸ் வாயை ஸ்டீல் பிளக் போட்டு இறுக்குங்க, சிலிண்டர் போர்ட்ல (ஹோஸ் மாட்டியிருந்த ஓட்டை) இருந்து ஒரு டியூப் பக்கெட்டுக்கு விடுங்க, இஞ்சினை ஐடில்ல வச்சு நீட்டுற பக்கமே லிவரை மெதுவா புடிங்க, எதிர்ப்பக்கம் தொடவே கூடாது. போர்ட்ல இருந்து ஆயில் நிக்காம வந்துட்டே இருந்தா பிஸ்டன் சீல் விடுது. வரலையா, சிலிண்டரை பிரிக்காதீங்க, வால்வு பக்கம் போங்க.

பிரஷர் இறக்குறதுன்னா வெறும் இஞ்சினை ஆஃப் பண்றது இல்ல. பூம், ஆர்ம், பக்கெட் எல்லாத்தையும் தரையில ஊனி வச்சு, இஞ்சினை நிறுத்திட்டு, சாவியை ஆன்ல வச்சு எல்லா லிவரையும் எல்லா பக்கமும் நாலஞ்சு தடவை ஆட்டுங்க, டேங்க் மூடியில இருக்கிற காத்தையும் மெதுவா விடுங்க. எக்ஸ்கவேட்டர்ல 300 பாருக்கு மேல ஓடுற ஆயில் இது. ஊசி முனை அளவு ஓட்டையை கையால தடவி தேடாதீங்க, அட்டையை காட்டி பாருங்க. ஆயில் தோலுக்குள்ள ஏறினா முதல்ல முள்ளு குத்தின மாதிரிதான் தெரியும், வலி கூட பெருசா இருக்காது, ஆனா அது உடனே ஆபரேஷன் பண்ண வேண்டிய காயம், அப்பவே ஆஸ்பத்திரிக்கு போய் பிரஷர் ஆயில் உள்ள ஏறிடுச்சுன்னு தெளிவா சொல்லுங்க.

பின்னை தட்டுறதுக்கு முன்னாடியே சிலிண்டரை பெல்ட்ல தாங்கிக்கோங்க. கழட்டினதும் ரெண்டு போர்ட்டையும் ஹோஸ் வாயையும் மூடி, வெளிப்பக்கம் நல்லா கழுவிட்டுதான் கிளாண்டை (ராடு வெளிய வர்ற பக்கத்து மூடி) தொடணும். திரெட் கிளாண்டுன்னா லாக் தகடையோ செட் ஸ்க்ரூவையோ முதல்ல எடுங்க, போல்ட் கிளாண்டுன்னா எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க, உள்ள ஸ்நாப் ரிங் இருக்கிற மாடல்னா கிளாண்டை கொஞ்சம் உள்ள தட்டினாதான் ரிங் வெளிய தெரியும். ராடு வரலைன்னு கம்ப்ரஸர் காத்து விட்டு தள்ளுறதை நிறைய பேர் பண்றாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், பிஸ்டன் குண்டு மாதிரி வந்து ஆளையே கொன்னுடும். போர்ட்டை திறந்து ஆயிலை வடிய விட்டு, ராடை செயின் பிளாக்ல தாங்கி நேரா இழுங்க, அது சாஞ்சா பிஸ்டன் பேரலை (சிலிண்டரோட வெளிக் குழாய்) கீறிடும்.

பிஸ்டன் நட்டு பயங்கர டைட்டா இருக்கும், சுத்தியலும் பைப்பும் வச்சு மல்லுக்கட்டுறதுக்கு முன்னாடி பூட்டு ஸ்க்ரூ அடிச்சு வச்சிருக்கான்னு பாருங்க. திரெட் லாக் (திரெட்ல போடுற பசை) போட்டிருந்தா நட்டை மட்டும் சூடு பண்ணா இளகும், ஆனா சீல் எல்லாத்தையும் எடுத்துட்டு, ராடு குரோம் மேல தீ படாம பண்ணணும்.

இப்ப பழைய சீல். கழட்டுற வரிசையில துணி மேல அடுக்கி, எந்த வாய் எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கோங்க. கல்லு மாதிரி இறுகி வெடிச்சிருந்தா ஆயில் ரொம்ப சூடாயிருக்கு, கூலரை பாருங்க. நீளவாக்குல கோடு கோடா கீறல்னா ராடுலயோ பேரல்லயோ காயம், இல்ல ஆயில்ல தூசி. ஓரம் பிச்சு தின்ன மாதிரி இருந்தா வியர் ரிங் (உலோகமும் உலோகமும் உரசாம தாங்குற வளையம்) தேஞ்சு இடைவெளி பெருசாகி, பிரஷர் சீலை அந்த சந்துக்குள்ள தள்ளியிருக்கு. ஓரம் கருகியிருந்தா உள்ள காத்து இருந்திருக்கு, அது அழுத்தத்துல சூடாகி ஆயிலோட சேர்ந்து பத்திக்கும்.

அடுத்து ராடு. துடைச்சுட்டு விரல் நகத்தை நீளவாக்குல மெதுவா இழுத்துட்டே போங்க, எங்கயாவது நகம் மாட்டினா சீலும் அங்க மாட்டும். எழும்பி நிக்கிற சின்ன முனையை ஆயில் ஸ்டோன்ல தேச்சு எடுத்துடலாம், ஆனா குரோம் உரிஞ்சு, துருப்புள்ளி குழியா இருந்தா திரும்ப குரோம் பண்ணத்தான் வேணும். வளைவு பாக்க ரெண்டு வி-பிளாக் மேல வச்சு டயல் கேஜ் மாட்டி உருட்டுங்க, ஒரு சுத்துல டயல் காட்டுற மொத்த ஆட்டத்துல பாதிதான் உண்மையான வளைவு, எவ்வளவு வரைக்கும் ஓகேன்னு மெஷின் மேனுவல்ல இருக்கும். பேரலுக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க, லேசான கோடு ஹோனிங்ல (உள்பக்கத்தை கல்லு வச்சு தேய்க்கிறது) போயிடும், ஆழமா இருக்கேன்னு தேச்சுட்டே போனா பேரலோட உள் அளவு பெருசாகி எந்த சீலும் நிக்காது.

மாட்டும்போது சுத்தம்தான் எல்லாமே. ஹோனிங் பண்ண பேரலை சுடுதண்ணி சோப்பு போட்டு கழுவி, வெள்ளைத் துணி சாம்பல் கலர் அழுக்கு ஒட்டாம வெளிய வர்ற வரைக்கும் துடைங்க, உடனே ஆயில் தடவிடுங்க, இல்லன்னா துரு புடிச்சுடும். ராடு சீலோட திறந்த வாய் ஆயில் பக்கம் பாக்கணும், வைப்பர் (வெளித் தூசியை வழிச்சு தள்ளுற வளையம்) வாய் வெளிய பாக்கணும், பேக்கப் ரிங் (சீல் பிதுங்காம முட்டுக் கொடுக்கிற வளையம்) பிரஷர் வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். பிஸ்டன்ல போடுற டெஃப்ளான் ரிங்கை சுடுதண்ணியில போட்டு இளக்கி விரிச்சு மாட்டுங்க, மாட்டினதும் அது பெருசாவே நிக்கும், ரிங் கம்ப்ரஸர் வச்சு இறுக்கி கொஞ்ச நேரம் விட்டாதான் பழைய அளவுக்கு வரும். வியர் ரிங் வெட்டு வாய் எல்லாம் ஒரே கோட்டுல வராம தள்ளித் தள்ளி வைங்க. கூர்மையான ஸ்க்ரூடிரைவரை சீல் பக்கமே கொண்டு வராதீங்க. ராடு திரெட் மேல மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் சுத்திட்டு கிளாண்டை ஏத்துங்க. பிஸ்டன் உள்ள போகும்போது பேரல் போர்ட் ஓட்டை விளிம்பு சீலை சீவிடும், அங்க வரும்போது மட்டும் ரொம்ப மெதுவா தள்ளி டார்ச் அடிச்சு பாருங்க, முடி மாதிரி ஒரு ரப்பர் இழை தெரிஞ்சாலும் திரும்ப வெளிய எடுத்துடுங்க, பரவாயில்லன்னு விட்டா அன்னைக்கே ஒழுகும். நட்டு, போல்ட் இறுக்குற அளவு (டார்க்) மேனுவல் சொல்றபடி.

மெஷின்ல மாட்டினதும் முழு வேகத்துல இழுக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஆயில் ஊத்தி ஹோஸ் மாட்டி, ஐடில்ல, லோடு இல்லாம, கடைசி வரைக்கும் முட்ட விடாம அஞ்சாறு தடவை மெதுவா நீட்டி மடக்கி காத்தை வெளியேத்துங்க, அப்புறம் டேங்க் லெவல் பாருங்க, பின்னுக்கு கிரீஸ் அடிங்க. ராடு மேல மெல்லிசா எண்ணெய்ப் பசை இருந்தா சரிதான், சொட்டினாதான் தப்பு. அந்த பழைய சீலை ஒரு கவர்ல போட்டு, மாத்தினப்ப மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்துச்சுன்னு எழுதி வைங்க, அடுத்த தடவை பிரிக்கும்போது பக்கத்துல வச்சு பாக்க அதுதான் வேணும்.