ஊசி அழுத்தமானி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, பொறுமையாகக் கேட்டுப் பார்த்து, இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிளுக்கு கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னப் பகுதி) வாங்குகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களே, அந்த ஊசி இசைத்தட்டை எத்தனை கிராம் அழுத்துகிறது என்று அளக்கும் அழுத்தமானி என்று வரும்போது, இணையத்தில் முதலில் கண்ணில் படுவதை வாங்கிவிடுகிறார்கள். இந்தச் சின்னக் கருவி தப்பாகக் காட்டினால் அவ்வளவு செலவழித்து வாங்கிய கார்ட்ரிட்ஜ் ஒழுங்காகப் பாடாது.

கார்ட்ரிட்ஜ் கம்பெனிகள் அனுமதிக்கும் அழுத்தம் மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்கும். ஆர்ட்டஃபான் 2எம் ரெட் என்றால் 1.6 முதல் 2 கிராம் வரை, பரிந்துரை 1.8. ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ என்றால் 1.8 முதல் 2.2 வரை, பரிந்துரை 2. கால் கிராம் பிசகினாலே எல்லையைத் தாண்டிவிடும். "லேசாக வைத்தால் இசைத்தட்டு தேயாது" என்று பலர் நம்புகிறார்கள். அது தப்பு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தில் நிலையாக ஓடாமல் துள்ளும். 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரக்கும். துள்ளும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் சுவரைக் கீறும். எல்லைக்குள் சற்றுக் கூடுதலாக இருப்பது இதைவிட எவ்வளவோ மேல். எண்பதுகளில் வந்த எக்கோ கம்பெனி இசைத்தட்டு ஒன்று கெட்டுப்போனால், அதே பதிப்பை நல்ல நிலையில் மறுபடி தேடிப் பிடிப்பது லேசான வேலையா?

வாங்குவதற்கு முன், உங்கள் டர்ன்டேபிளுக்கு இந்தக் கருவி தேவையா என்று பாருங்கள். ஆடியோ டெக்னிக்கா எல்பி60எக்ஸ் போன்றவற்றில் அழுத்தம் தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது. திருப்பி அழுத்தத்தை மாற்றுவதற்கு கவுண்டர்வெயிட் (கையின் பின்முனையில் இருக்கும் எடை) இல்லாதபோது அளந்து என்ன செய்வது?

அடுத்தது, தசம இடங்களைப் பார்த்து மயங்குவது. திரையில் 0.01 கிராம் வரை தெரிகிறது என்றால், அவ்வளவு நுணுக்கமாக எண் காட்டுகிறது என்றுதான் பொருள். காட்டும் எண் சரியா என்பது வேறு கேள்வி. 1.83 என்று காட்டும் கருவியில் உண்மையான அழுத்தம் 1.65 ஆகவும் இருக்கலாம். மலிவான கருவிகளோடு பெரும்பாலும் 5 கிராம் எடைக்கல் ஒன்று தருவார்கள். ஆனால் நாம் அளக்கப்போவது 2 கிராமை ஒட்டி. 5 கிராமில் சரியாக இருக்கும் கருவி 2 கிராமிலும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2 கிராம் சோதனை எடைக்கல் ஒன்றைத் தனியாக வாங்குவது நல்லது.

அது கைக்கு வரும்வரை சிங்கப்பூர்ச் சில்லறையே உதவும். 2013இல் வெளிவந்த வரிசையில் 5 காசு நாணயம் 1.70 கிராம், 10 காசு நாணயம் 2.36 கிராம். நமக்கு வேண்டிய 1.8, 2 கிராமுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று! தேயாத, சுத்தமான நாணயமாகப் பார்த்து, ஊசி வைக்கும் புள்ளியின் மேல் நடுவாக வைத்துப் பாருங்கள். நாணயத்துக்கு நாணயம் சிறு வித்தியாசம் இருக்கும் என்பதால் இது தோராயமான சோதனைதான். ஆனாலும் 0.1 கிராமுக்கு மேல் விலகினால் கருவியைச் சந்தேகப்படலாம். இந்த நாணயங்கள் முலாம் பூசிய எஃகு. கார்ட்ரிட்ஜில் உள்ள காந்தம் எஃகை இழுக்கும் என்பதால், அதை அருகில் கொண்டுவருவதற்கு முன் நாணயத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

நகை நிறுக்கும் சின்னத் தராசு தேக்கா பக்கம் கிடைக்கிறதே, அதுவும் 0.01 காட்டுகிறதே என்று கேட்பார்கள். அதில் சிக்கல் உயரம். பல டோன்ஆர்ம்களில் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) எடையின் மையம், கை அசையும் அச்சுக்குக் கீழே இருக்கும். அப்படிப்பட்ட கையை உயர்த்த உயர்த்த, கீழே அழுத்தும் விசை கூடும். தராசின் தட்டு இசைத்தட்டைவிட ஒரு சென்டிமீட்டர் மேலே இருந்தால், உண்மையைவிட அதிகமாகக் காட்டும். நீங்கள் அதைப் பார்த்துக் குறைப்பீர்கள். பாட்டு ஓடும்போது அழுத்தம் போதாமல் போகும், மேலே சொன்ன துள்ளல் ஆரம்பிக்கும். ஆகவே பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து வாங்குங்கள்: ஊசி வைக்கும் தகடு தாழ்வாக, இசைத்தட்டின் மேற்பரப்பு இருக்கும் உயரத்துக்கே வர வேண்டும். நகைத் தராசில் காரட் போன்ற அலகுகளும் இருக்கும். அலகு கிராமில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்; 2 கிராம் அங்கே 10 காரட்.

எம்சி (மூவிங் காயில், அதாவது நகரும் கம்பிச்சுருள்) வகை கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் காந்தத்தையும் கவனிக்க வேண்டும். டெனான் டிஎல்-103 போன்றவற்றின் காந்தம் வலுவானது. கருவியின் உடலில் எஃகு இருந்தால் கார்ட்ரிட்ஜை இழுக்கும். அந்த இழுப்பும் அழுத்தத்தோடு சேர்ந்து எண்ணைக் கூட்டிவிடும். சில நேரம் ஊசி படாரென்று போய் மோதும், அதுதான் எனக்குப் பெரிய பயம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் தகட்டருகே கொண்டுபோங்கள். இழுப்பு தெரிந்தால் அந்தக் கருவி வேண்டாம்.

பேட்டரி இல்லாத பழைய தராசு வகையை மட்டமாக நினைக்க வேண்டாம். ஷூர் எஸ்எஃப்ஜி-2 அந்த வகை, 0.5 முதல் 3 கிராம் வரை அளக்கும். ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது பழையதாகவோ நகலாகவோதான் தேட வேண்டும். மலிவான டிஜிட்டல் ஒன்றை நம்புவதைவிட நல்ல நிலையில் உள்ள இந்தத் தராசையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அளக்கும்போது தட்டு சுற்றக் கூடாது, ஆன்டி-ஸ்கேட்டிங் (கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்க வேண்டும், கையைத் தூக்கும் நெம்புகோல் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். அப்புறம், மின்விசிறியை நிறுத்துங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் விசிறியின் காற்றுக்கே கடைசித் தசம எண்கள் ஆடும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் அரித்துப்போகும்.