மலைவெயிலுக்கு எந்த பிளாஸ்டிக் தாங்கும்?

ஊட்டிக் குளிரில் பிளாஸ்டிக்குக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நானும் நினைத்திருந்தேன். கேரட் பாத்தி சரியாமல் இருக்க, பழைய உரச் சாக்குகளில் மண் நிரப்பி ஓரமாக அடுக்கியிருந்தேன். ஒரு கோடை போனதும் ஒன்றைத் தூக்கினால் கையில் வந்தது வாய் கட்டிய முடிச்சு மட்டும்தான். மிச்சமெல்லாம் நார் நாராக உதிர்ந்து மண்ணில் கலந்துவிட்டது.

கெடுத்தது குளிரல்ல, வெயில். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேல். காற்று சில்லென்று இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான். அந்தக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுக்கும். சாக்கு பாலிபுரொப்பிலீனில் நெய்தது. அதன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் கிளை இருக்கிறது, அறுபடுவது அங்கேதான் தொடங்கும். பாலிஎத்திலீனில் கிளை குறைவு, அதனால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

சரி, கையிலிருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சிறு துண்டை வெட்டி, சோப்பு கலந்த தண்ணீரில் குமிழி ஒட்டாமல் அமுக்கி விடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பிவிசியும் பெட் பாட்டிலும் மூழ்கும். கடையில் நைலான் கயிறு என்று கேட்டு வாங்கினோமே, அதையும் போட்டுப் பாருங்கள். நைலான் மூழ்க வேண்டும். மிதந்தால் அது நைலான் இல்லை, பாலிபுரொப்பிலீனாகவோ பாலிஎத்திலீனாகவோ இருக்கும். பாலிபுரொப்பிலீன் என்றால் வெயிலில் பந்தல் கட்ட ஆகாது. பாலிஎத்திலீன் என்று சொல்லி விற்ற பைப் மூழ்கினால் சுண்ணாம்புத் தூளைப் போட்டு எடையை ஏற்றியிருக்கலாம்.

தண்ணீர் பைப்புக்குக் கருப்பு ஹெச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன், நல்லது. அதில் கலந்திருக்கும் 2, 3 சதவீதக் கார்பன் கரிதான் கதிரை உள்ளே விடாமல் வாங்கிக்கொள்கிறது. ஆனால் கருப்பாக இருப்பதெல்லாம் நல்ல பைப் இல்லை, கண்ட கழிவையும் உருக்கிக் கருப்பில் மறைப்பார்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் ஒன்றாக உருக்கினாலும் எண்ணெயும் தண்ணீருமாகத்தான் இருக்கும், இடையில் பிடிப்பு இருக்காது. ஒரு கீற்றை முன்னும் பின்னும் பத்து தடவை மடக்குங்கள். மடிப்பில் வெடித்தாலோ ஏடு ஏடாக உரிந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வெள்ளை பிவிசியை மண்ணுக்குள் புதைப்பதே மேல். வெளியே கிடந்தால் நாளாக ஆகப் பழுத்து, தொட்டால் மாவு ஒட்டும், ஒரு மண்வெட்டி பட்டாலே விரிசல். உறைபனி விழுந்த காலையில் இன்னும் மோசம். பாலிபுரொப்பிலீனும் சைபர் டிகிரி பக்கம் போனால் விறைத்துவிடும் என்பதால், ஜனவரியில் ராத்திரி வெளியே கிடந்த பிளாஸ்டிக் சேரில் தொப்பென்று உட்காராதீர்கள்.

பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்கு ஷீட்தான் பெரிய செலவு. 200 மைக்ரான் தடிமன், கடைக்காரர் பாஷையில் 800 கேஜ், அதுவும் புற ஊதாத் தடுப்பு சேர்த்ததாக வாங்குங்கள். முதலில் கிழிவது நடுவில் அல்ல, இரும்புக் குழாயைத் தொடும் கோட்டில். வெயிலில் குழாய் சுட்டு, அந்த இடம் மட்டும் சீக்கிரம் நைந்துவிடும், ஆகவே ஷீட் போடும் முன்பே குழாயின் மேல்பக்கத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துக் காயவிடுங்கள். இன்னொன்று, சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிப்பதும் புகை போடுவதும் ஷீட்டில் உள்ள தடுப்பு மருந்தைத் தின்றுவிடும். தவிர்க்க முடியாவிட்டால் அளவைக் குறைத்து, பிறகு நன்றாகக் காற்றோட்டம் விடுங்கள்.

பழைய ஷீட்டை மாற்றும் நேரம் தெரிய, ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்துங்கள். வெறும் வெள்ளைக் கோடு விழுந்தால் இன்னும் ஓடும். கோட்டிலேயே கிழிந்தால், முழுசாக இருக்கும்போதே கழற்றிச் சுருட்டி பழைய சாமான் கடைக்குப் போடுங்கள், தூளான பிறகு பொறுக்க முடியாது. எதையும் குளிர்காயும் நெருப்பில் போடாதீர்கள், பிவிசி துண்டென்றால் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். கண்ணும் மூச்சும் எரியும் அந்தப் புகை ஹைட்ரஜன் குளோரைடு.