வீட்டு மனையின் மண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மனையில் நின்றிருந்தேன். வேலைக்குப் புதிதாக வந்த பையன், கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் போய்விட்டது. "மண்ணு நல்லா இழுக்குதுண்ணே, இங்கேயே போட்டுரலாம்" என்றான்.

பல வருடங்களுக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொன்னவன் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். செப்டிக் டேங்கைக் கிணற்றை ஒட்டி வைக்கக்கூடாது, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வீடு கட்டக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காய்ந்த களிமண்ணில் சோதித்துப் பார்ப்பது

அந்தப் பையனின் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரெல்லாம் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. தண்ணீரை இழுத்தது மண் அல்ல, வெடிப்பு. களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நனைந்தால் உப்பி, வெடிப்பைத் தானே மூடிக்கொள்ளும். மூடிய பிறகு அதற்குள் தண்ணீர் நகர்வது மிக மிக மெதுவாகத்தான்.

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு குடும்பத்தைப் பாடுபடுத்தினேன். வறண்ட மாதத்தில் ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டுக் குழி போட்டுக் கொடுத்தேன். மழை வரும்வரை ஒரு குறையும் இல்லை. மழை பிடித்த மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். குழி மூடியைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் கசிந்து முற்றம் முழுக்க நின்றது. அந்த வீட்டம்மா செங்கல் அடுக்கி, அதன்மேல் கால் வைத்து வந்து கதவைத் திறந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை. கடைசியில் மனையின் மேட்டுப் பக்கம், மணல் கலந்த மண் இருந்த இடத்தில், ஆழம் குறைந்த நீளமான வாய்க்கால்களாக வெட்டி, எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். இரண்டு முறை செலவு.

ஒரே ஒரு ராத்திரி காத்திருந்தால் போதும். கழிவுநீர் இறங்கப்போகும் ஆழம்வரை 30 செ.மீ. அகலத்தில் குழி எடுங்கள். மண்வெட்டி இழுத்த இடம் வழவழப்பாக மின்னினால் கம்பியால் கீறிவிடுங்கள். அந்த மினுமினுப்பு மண்ணின் துளைகள் அடைபட்டதன் அடையாளம். அடியில் 5 செ.மீ. சரளை போட்டு, தண்ணீர் நிரப்பி, வற்ற வற்ற ஊற்றி, இரவு முழுக்க ஊற வையுங்கள். மறுநாள் சரளைக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, குச்சியில் கோடு போட்டு நேரம் பாருங்கள். 25 மி.மீ. இறங்க 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் சாதாரண உறிஞ்சுகுழி அங்கே வேண்டாம். ஊறிய பிறகும் நிமிடத்தில் மறைந்தால் அதுவும் நல்லதல்ல. பெருமணல் கழிவுநீரைச் சுத்தப்படுத்தாமலே நிலத்தடி நீருக்கு அனுப்பிவிடும்.

குழிச் சுவரின் நிறத்தையும் பாருங்கள். சாம்பல் திட்டும் துரு நிறப் புள்ளியும் கலந்திருந்தால், இப்போது உலர்ந்திருந்தாலும் வருடத்தில் சில காலம் அந்த மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள்.

பையனையும் ஊற வைக்கச் சொன்னேன். மறுநாள் ஒரு மணி நேரம் கழித்தும் கோடும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன.

கெட்டியான தரை என்று நம்பி அஸ்திவாரம் போடுவது

அதே களிமண் காய்ந்த காலத்தில் கடப்பாறையையே திருப்பி அனுப்பும். வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுகிறவர்கள் "பாறை மாதிரி இருக்கு" என்பார்கள். ஆனால் பாரம் தாங்குவது மட்டும் போதாது. உப்பும்போது அது சுவரையே தூக்கும், சுருங்கும்போது கைவிடும். ஒரு மூலையில் மாடித் தண்ணீர் கொட்டி, இன்னொரு மூலையில் பெரிய மரம் ஈரத்தை உறிஞ்சினால், வீட்டின் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் அப்படி வந்ததுதான். ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டி அஸ்திவாரம் போக வேண்டும், அல்லது அடியில் குமிழ் போல விரிந்த பைல், அதாவது ஆழமாகத் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண், போட வேண்டும். துளையிட்டு மண் பரிசோதனை செய்யாமல் அந்த ஆழத்தை ஊகிக்காதீர்கள்.

கொட்டி நிரப்பிய மண்ணில் கட்டுவது

அடுக்கடுக்காக இறுக்கியதற்குச் சான்று இல்லையென்றால், கட்டாதீர்கள்.

மேல்மண்ணை அடியில் புதைப்பது

வேலை தொடங்கும் முன்பே மேலே உள்ள 15 செ.மீ. மண்ணை வழித்து ஓரமாகக் குவித்து வையுங்கள். தோட்டத்துக்கு அதுதான் உயிர்.

களிமண்ணை இளக்க மணல் கொட்டுவது

கொஞ்சம் மணல் சேர்ந்தால் களிமண் இளகாது, இன்னும் இறுகும். மக்கிய உரமும் இலைச் சருகும்தான் வழி. வருடாவருடம் போட வேண்டும். களிமண்ணில் குழி வெட்டி நல்ல மண்ணை மட்டும் நிரப்பிச் செடி வைப்பதும் தவறு. அந்தக் குழி தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் அழுகும்.

இலை மஞ்சளானதும் உரம் போடுவது

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், முதலில் மண்ணின் காரத்தன்மையைப் பாருங்கள். பிஎச் 7.5-ஐத் தாண்டினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் பல செடிகளால் எடுக்க முடியாது. சுவர் ஓரத்துச் செடிகளுக்குத்தான் இது அடிக்கடி வருகிறது. அங்கே ஒரு அடி தோண்டிப் பாருங்கள்: பூச்சு வேலையில் சிந்திய, காரத்தைக் கூட்டும் சிமெண்டுக் கட்டிகள் பெரும்பாலும் இருக்கும். பொறுக்கி வெளியே போடுங்கள்.