குழாய் கேஸ் வந்தாச்சு, அலாரத்தை மேலே ஏற்றியாச்சா?

எங்கள் குடியிருப்பில் சிலிண்டர் போய்க் குழாய் கேஸ் வந்தபோது அடுப்பின் ஜெட்டை மாற்றிக் கொடுத்தார்கள். சிலிண்டர் காலத்தில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டிய கேஸ் கசிவு அலாரம் மட்டும் அங்கேயே இருந்தது. பச்சை விளக்கு எரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படரும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். எடை காற்றில் பாதிக்குச் சற்று மேல்தான், அதனால் மேலே ஏறிவிடும்.

படி 1: அலாரத்தின் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மீத்தேன் அல்லது இயற்கை எரிவாயு என்று போட்டிருக்க வேண்டும். எல்பிஜி என்று மட்டும் இருந்தால் வேண்டாம்.

படி 2: கூரைக்கு ஒரு அடிக்குள், அடுப்பு இருக்கும் அதே அறையில் மாட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலே கூடாது. தாளிக்கிற புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சென்சாரை அடைத்துவிடும். ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கமும் வேண்டாம்.

படி 3: மின்சாரம் கொடுத்துச் சில நிமிடம் பொறுங்கள். வீட்டு அலாரம் பலவற்றில் உள்ளே இருப்பது சூடாக்கிய டின் ஆக்சைடு. சுத்தமான காற்றில் ஆக்ஸிஜன் அதன் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும், மின்தடை அதிகம். மீத்தேன் வந்தால் அந்த ஆக்ஸிஜனோடு வினைபுரியும், எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை சரியும். உடனே அலறல். ஆல்கஹால் ஆவிக்கும் இதே கதைதான்: என் பையன் பக்கத்தில் நின்று பாடி ஸ்ப்ரே அடித்ததற்கே ஒருமுறை கத்தியது.

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். அதற்கு வெகு முன்பே, பெரும்பாலும் அரை சதவீதத்துக்குப் பக்கத்தில், வீட்டு அலாரம் ஒலிக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் வேறு வகை: பிளாட்டினக் கம்பிச்சுருள் பொதிந்த சின்ன மணியில் மீத்தேன் சுடரில்லாமல் எரிய, அந்தச் சூட்டை அளப்பார்கள். இந்தியச் சுரங்கங்களில் 1.25 சதவீதத்தைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சாண எரிவாயுக் கலன், கழிவுநீர்த் தொட்டி, குப்பைக் கிடங்கு என மீத்தேன் ஊறும் இடங்களிலும் டிடெக்டர் தேவை. குழாய் கேஸுக்கு வாசனை சேர்க்கிறார்கள். அங்கே ஊறும் மீத்தேனுக்கு மணமே கிடையாது.

படி 4: டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். பல மாடல்களில் அது ஒலியையும் சர்க்யூட்டையும்தான் சோதிக்கும், சென்சாரை அல்ல.

படி 5: அலாரம் அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். புகையை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டே பழகிய கை தானாக அங்கேதான் போகும், ஜாக்கிரதை. வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய்ப் பிறகு போன் செய்யுங்கள்.

அப்புறம், சென்சாருக்கு ஆயுள் உண்டு; பல மாடல்களில் 5 வருடம். எங்கள் பழைய அலாரத்தைக் கழற்றித் திருப்பினால், காலாவதியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பச்சை விளக்கு கழற்றும் வரைக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.