கிராத்திஸ் கோட்டைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

முதல் தவறு வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே நடந்துவிடுகிறது. கோட்டை என்றதும் மதில், அகழி, பீரங்கி மேடை எல்லாம் மனக்கண்ணில் வந்துவிடும். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்தீன் நகருக்கு மேற்கே சுமார் 24 கிலோமீட்டரில் உள்ள கிராத்திஸுக்கு அந்த நினைப்போடு போகிறவர்கள் அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு, ஏமாந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள். கிராத்திஸ் படை தங்கிய கோட்டை அல்ல. பர்னெட் குடும்பத்தார் 1553இல் கட்டத் தொடங்கி 1596இல் முடித்த கோபுர வீடு அது. கீழே கனத்த சுவரும் சின்னச் சின்ன ஜன்னல்களும். உச்சியில் மூலைக்கு மூலை ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கோபுரங்கள். ஒரே குடும்பம் 350 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த வீட்டுக்குள் நுழைகிறோம் என்று எண்ணிக்கொண்டு போனால், பார்க்கிற விதமே மாறிவிடும்.

டிக்கெட்டில் பலர் பணத்தை இழக்கிறார்கள். எடின்பரோ, ஸ்டெர்லிங் கோட்டைகளுக்காக வாங்கும் எக்ஸ்ப்ளோரர் பாஸ் இங்கே செல்லாது. அது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு தருவது. கிராத்திஸோ நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை கையில் இருந்தால் அதைக் காட்டலாம். இரண்டு அறக்கட்டளைகளும் ஒன்றின் உறுப்பினரை மற்றொன்று ஏற்கின்றன.

இன்னொன்று, வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுவது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்தே இருக்கும். அதை நம்பி மாலை ஐந்து மணிக்குப் போய் நிற்பவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். கடைசி அனுமதி நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். எந்தெந்த நாளில் வீடு திறந்திருக்கும், வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்களா என்பதையெல்லாம் முந்தின நாளே அறக்கட்டளையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

உள்ளே போனபின் நடக்கும் பெரிய தவறு, தலையை நிமிர்த்தாமல் நடப்பது. கிராத்திஸின் உண்மையான செல்வம் கூரையில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் முடிவிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் உத்தரங்களின் மீதும் பலகைகளின் மீதும் நேரடியாகத் தீட்டிய ஓவியங்கள் அவை. ஓர் அறையில் கலைத் தேவதைகள் ஒன்பது பேர். இன்னோர் அறையில் ஒன்பது மாவீரர்கள்: ஹெக்டர், அலெக்சாண்டர், ஜூலியஸ் சீசர், யோசுவா, தாவீது, யூதாஸ் மக்கபே, ஆர்தர், சார்லமேன், காட்ஃப்ரி. பழைய கிரேக்க ரோமானியக் கதைகளிலிருந்து மூவர், யூத மரபிலிருந்து மூவர், கிறிஸ்தவ மரபிலிருந்து மூவர். படங்களைப் பார்த்துவிட்டு உத்தரங்களின் பக்கவாட்டையும் பாருங்கள். பழைய ஸ்காட்ஸ் மொழியில் வரிகள் ஓடும். இந்த ஒன்பது பேரில் யார் பெரிய வீரன், சொல்லிவிட்டுப் போ என்று படிப்பவரையே அவை கேட்கின்றன. நானூறு ஆண்டுக்கு முந்தைய வீட்டுக்காரர் விருந்தாளியிடம் பேச்சுக் கொடுக்கிறார். பதில் சொல்லாமல் எப்படி நகர்வது? பச்சைச் சீமாட்டி அறைக்கு ஆவிக் கதை கேட்கப் பெரும் கூட்டம் போகிறது. கதையைக் கேளுங்கள், ஆனால் அங்கேயும் ஓவியக் கூரை இருப்பதை மறக்காதீர்கள்.

பெரிய கூடத்தில் கணப்புக்கு மேலே தொங்கும், தந்தத்தால் செய்த ஊதுகொம்பையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1323இல் மன்னர் ராபர்ட் புரூஸ் இந்த நிலத்தைப் பர்னெட் முன்னோருக்குக் கொடுத்தபோது அதன் அடையாளமாகக் கொடுத்தது என்று குடும்பம் போற்றிவந்த பொருள் அது. அதாவது நிலம் கிடைத்து 230 ஆண்டுகள் கழித்துத்தான் இந்த வீடே எழுந்தது. அதுவரை அவர்கள் லேஸ் ஏரியில், மனிதர் கையால் உண்டாக்கிய தீவில் வாழ்ந்தார்கள்.

சுழல் படிக்கட்டில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஏறாதீர்கள். பகைவன் இடறி விழுவதற்காகவே ஒரு படியை மட்டும் அளவு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். வந்தவன் பகைவனா விருந்தாளியா என்று அந்தப் படிக்குத் தெரியாது.

மழை வரும் போலிருந்தால் ஒழிய, தோட்டத்துக்கு முதலில் போகாதீர்கள். வீட்டின் மேல் ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் தோட்டத்தின் அமைப்பு பிடிபடும். சுமார் ஒன்றரை ஹெக்டேர்தான், சுற்றிலும் மதில். உள்ளே எட்டுத் தனித் தோட்டங்கள். அவற்றுக்கு இடையே சுவர்போல நிற்கும், யூ (yew) என்ற ஊசியிலை மர வேலிகள் 1702இல் நட்டவை. அந்த வேலியையும், பிரம்மாண்டமான முட்டை வடிவில் கத்தரித்த மரங்களையும் வெறும் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புவது எனக்கு மனசு ஆறாத விஷயம். மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனை தலைமுறைத் தோட்டக்காரர்கள் ஏணி போட்டு ஏறிக் கத்தரித்திருப்பார்கள்!

வேலிகளுக்குள் இருக்கும் பூ வண்ணங்கள் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சர் ஜேம்ஸ் பர்னெட்டுக்கு அரிய மரங்கள், புதர்ச் செடிகள் மேல் ஆசை. அவர் மனைவி சிபிலுக்குப் பூக்களின் நிறத்தை அடுக்குவதில் தேர்ந்த கண். ஒரு பாத்தி முழுக்க வெள்ளை, ஒரு தோட்டம் முழுக்கப் பொன்மஞ்சள். நடுப்பாதையில் நேராக நடந்து திரும்பினால் இதெல்லாம் கலவையாகத்தான் தெரியும். ஒவ்வொரு தோட்டத்திலும் சற்று நின்று, ஏன் இந்த இலைக்குப் பக்கத்தில் இந்தப் பூ என்று பாருங்கள். ஜூன் பாத்தி என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்ப அது ஜூனில்தான் முழு அழகில் இருக்கும். மற்ற பாத்திகளுக்கு ஜூலையும் ஆகஸ்டும் சரி. குளிர்காலத்தில் பூ தேடிப் போகாதீர்கள்; அப்போது பார்க்க வேண்டியது வேலிகளின் உருவத்தை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யூ மரத்தின் சிவந்த பழம் கண்ணைப் பறிக்கும். உள்ளே இருக்கும் விதையும் மரத்தின் இலையும் கொடிய நஞ்சு. பறிக்க விடாதீர்கள். தோட்டத்துக்கு வெளியே காட்டுப் பாதைகளில் நடப்பதானால் முழுக்கால் உடை போடுங்கள். புல்லில் இருக்கும் உண்ணிகள் கடித்தால் லைம் நோய் வரக்கூடும். வீட்டுக்குத் திரும்பியதும் கால்களையும் முழங்கால் மடிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட வருந்தத்தக்க தவறு, ஒரே நாளில் நான்கு கோட்டைகள் என்று திட்டம் போடுவது. இந்தப் பகுதியில் கோட்டைகள் நெருங்கி இருப்பதால் அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் இளஞ்சிவப்பு நிறக் கிரேகிவார் கோட்டையில் மேல்தளங்களுக்கு மின்விளக்கே கிடையாது. நல்ல பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். டிரம் கோட்டை சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த நிலத்தையும் அதே ராபர்ட் புரூஸ் மன்னர் அதே 1323இல் இர்வின் குடும்பத்துக்குக் கொடுத்தார். கிராத்திஸுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். டிரம்முக்கு மறுநாள் காலையில் போங்கள். அங்கே ஒரு தோட்டம் முழுக்கப் பழைய ரோஜா வகைகள் இருக்கின்றன.